பிழைகளை எழுதிவைக்கும் கொப்பி

பிழைவிட்டுத்தான் படிக்கவேண்டும் என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆயினும் பிழைவிட்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தாத வகுப்பறை எமது ஊரில் அரிதாகவே இருந்தது. பிழை என்பது பிரம்புக்கும் பிறர் சிரிப்புக்கும் உரியதாயிற்று. ஆதலால் அதைத் திருத்துவதற்கு முன்பாக மறைப்பதற்கே பிள்ளைகள் பழகினர். கடல்கடந்து வந்த பின்னரும் அப்பழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. இதற்கு நேர்மாறான ஒரு கல்விமுறையை அண்மையில் அறியும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் மகள், ஆர்காவ் மாநிலத்திலுள்ள பிர்பெல்ட் விமானத்தளத்தில் தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்காகப் பயிற்சி பெறுகின்றாள். பொம்பர் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிய தாய் தகப்பனின் பிள்ளை அவள். இன்று அவளே வானில் ஏறுகின்றாள் என்பதில் எமக்குள்ள பெருமிதம் சொல்லில் அடங்காது.

இந்த அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலங்கள் பறக்கவேண்டும். அவற்றுள் 25 மணித்தியாலங்கள் பயிற்சியாளருடனும், 10 மணித்தியாலங்கள் அவருடைய மேற்பார்வையில் தனியாகவும் பறத்தல் அவசியம். அம்மணித்தியாலங்களைப் பதிவதற்கென ஒரு பறப்பேடு உண்டு. அதற்கு அப்பால், ஒவ்வொரு பறப்பிலும் நிகழ்ந்த பிழைகளைத் தானாகவே எழுதிவைக்கும் சாதாரணக் கொப்பி ஒன்றையும் அவள் வைத்திருக்கின்றாள். அதைத்தான் எமக்கு விரித்துக் காட்டினாள்.

அதிலுள்ள பக்கங்களிற் பெரும்பாலானவை தரையிறங்குதல் பற்றியவை. சக்கரம் ஓடுபாதையிற் பட்டு விமானம் பெரிதாகத் துள்ளினால், புதியவரின் கை தன்னையறியாமலே மூக்கைக் கீழே அழுத்தும். அடுத்த துள்ளல் அதனினும் பெரிதாகும். இறுதியில் முன்சக்கரம் முறியவும் கூடும். ஆகவே கெட்டுப்போன தரையிறக்கத்தைச் சரிக்கட்ட முயலாது, முழு விசை கொடுத்து மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வரவேண்டும் என்பது பாடம். மேலெழுந்து போவதை அங்கு யாரும் தோல்வியாகக் கொள்வதில்லை. நல்ல விமானியின் அடையாளமாகவே கொள்வர்.

வேறொரு பக்கத்தில், விசையைக் குறைத்து இறங்கும்போது காபுரேற்றருக்குச் சூடான காற்றைத் திறக்க மறந்தமை குறிக்கப்பட்டிருந்தது. ஈரமான காற்றில், வெளியே உறைகுளிர் இல்லாத நாளிலும், காபுரேற்றருக்குள் பனி படிந்து இயந்திரம் நின்றுவிடக்கூடும். அன்று அவ்வாறு ஏதும் நிகழவில்லை. அதன் கீழே அவள் எழுதியிருந்த வரி இதுவே: “ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் பிழை.” ஒன்றும் நடக்காததை ஏன் எழுதவேண்டும் என்று கேட்டோம். நடந்த பின்னர் எழுதுவதற்குத் தான் இருக்கமாட்டாளே என்றாள்.

இது வெறும் சாதுரியப் பேச்சன்று. 2018 ஆவணி 4 ஆம் திகதி, லொக்கார்னோவிலிருந்து டூபென்டோர்வ் நோக்கிப் புறப்பட்ட பழைய யுங்கர்ஸ் யு-52 விமானமொன்று, கிறவுபுண்டன் மாநிலத்தில் பிற்ஸ் செக்னாஸ் மலையருகே வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த 20 பேரும் மாண்டனர். விமானத்தைச் செலுத்திய இருவரும் விமானப்படையிற் பயின்ற நீண்ட அனுபவசாலிகள். 2021 தை மாதம் வெளியான சுவிஸ் விசாரணைச் சபையின் இறுதி அறிக்கை, திரும்பிச் செல்ல வழியில்லாத பள்ளத்தாக்கினுள் தாழ்வாகவும் ஆபத்தான குறைந்த வேகத்திலும் விமானம் செலுத்தப்பட்டது என்று கூறியது. அத்தோடு, பாதுகாப்பு விதிகளை மீறிப் பறப்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது என்றும் சுட்டிக்காட்டியது.

வழக்கம் என்ற அச்சொல்லே எம்மைச் சிந்திக்க வைத்தது. தண்டனையின்றித் தப்பிய பிழை, தன்னைச் சரியென்று நம்பவைத்துவிடுகின்றது. பத்துத் தடவை தப்பியவனுக்குப் பதினோராவது தடவை அச்சம் எழுவதில்லை. அனுபவம் என்று நாம் மெச்சுவது, சிலவேளைகளில் அகப்படாத பிழைகளின் தொகுப்பாகவும் இருந்துவிடலாம்.

இதை உணர்ந்தே வான்பறப்புலகம் பிழைகளை வெளியே கொண்டுவரும் வழிகளைத் தேடிற்று. விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதேயன்றி, யார்மீதும் குற்றம் சுமத்துவதன்று என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சாசனத்தின் 13 ஆவது இணைப்புக் கூறுகின்றது. விமானிகள் தம் பிழைகளையும் மயிரிழையிற் தப்பிய சம்பவங்களையும் இரகசியமாக அறிவிக்கும் ஏற்பாடொன்று அமெரிக்காவில் 1976 முதல் நடந்துவருகின்றது. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு இங்கெல்லாம் மன்னிப்பில்லை. மனிதத் தவறை ஒளிக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை மட்டுமே வழங்கப்படுகின்றது.

எமது வீடுகளில் இந்நம்பிக்கை உண்டா? தொழிற்பயிற்சியின் தகுதிகாண் காலத்தில் நிறுத்தப்பட்ட மகன், மாதக்கணக்காகக் காலையில் பையுடன் வெளியேறி மாலையில் வீடு திரும்பிய கதைகள் எம்மிடையே உண்டு. பாடசாலைக் கடிதத்தைத் தகப்பன் காணாமற் கிழித்த பிள்ளைகளும், கடன் கழுத்தை நெரிக்கும்வரை மனைவிக்குச் சொல்லாத கணவர்களும் உண்டு. முதலாவது துள்ளலிலேயே சொல்லியிருந்தால், மேலெழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவர எல்லோருக்கும் இடமிருந்திருக்கும். “சனம் என்ன சொல்லும்?” என்ற அச்சமே அவர்களது கையைக் கீழ்நோக்கி அழுத்தியது.

ஒவ்வொரு பறப்பும் முடிந்ததும் பயிற்சியாளர் அப்பெண்ணிடம் முதலிற் கேட்பது, “என்ன நடந்தது?” என்பதாம். “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று அவர் தொடங்குவதில்லை. முதலாவது கேள்விக்குப் பிள்ளை விபரம் சொல்லும். இரண்டாவதற்குச் சாட்டுத்தான் சொல்லும். பிள்ளை தலைகுனிந்து வீட்டுப்படி ஏறும் நாளில், பெற்றோராகிய நாம் இவ்விரண்டில் எதைக் கேட்கப்போகின்றோம்? அதைப் பொறுத்தே அடுத்த முறை அப்பிள்ளை எம்மிடம் வருவதும் வராமல் விடுவதும் அமையும்.