பாசிமேட்டில் ஓர் அமானிதம்

திண்டுக்கல்லில் வாழும் எங்களுக்குத் தொன்மை என்றாலே மலைக்கோட்டைதான். உயர்ந்த மதில், தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை, நுழைவுச் சீட்டு. பழமை இப்படித்தான் காக்கப்படும் என்று எங்கள் பிள்ளைகளும் எண்ணியிருந்தனர்.

சென்ற விடுமுறையில் பழனிக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள பொருந்தலுக்குச் சென்றோம். அங்கே மதில் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. முன்னோர் குடியிருந்த மண்மேட்டை ஊரார் பாசிமேடு என்கின்றனர். கண்ணாடிப் பாசிமணிகள் கிடைப்பதால் வந்த பெயர் அது.

2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் இவ்வூரில் அகழாய்வு நடந்தது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்கள் கொண்ட ஜாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. பானை தாங்கும் புரிமனையில் 'வய்ர' என்ற தமிழி எழுத்துகளும் காணப்பட்டன.

நாம் நம் மய்யித்துகளைக் கஃபன் துணியோடு மட்டுமே அடக்குகிறோம். அவர்களோ நெல்லை வைத்து வழியனுப்பினர். முறை வேறாயினும், பிரிவின் துயரம் ஒன்றுதானே!

திரும்பும்போது இளைய மகனின் கையில் சிவப்புப் பாசிமணி ஒன்றைக் கண்டோம். ஒரு மணிதானே என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அவனே கேட்டான்: "அத்தா, இதற்குச் சொந்தக்காரர் யார்?"

எங்களிடம் பதில் இல்லை. உரியவர் நேரில் இல்லாத பொருள்தானே அமானிதம்? அதை வீட்டில் அவனுக்குக் கற்பித்தவர்களும் நாங்கள்தாம். மேலும், ஒரு மணி எங்கே, எந்த மண்ணடுக்கில், எதனருகே கிடந்தது என்பதைக் கொண்டே ஆய்வாளர்கள் வரலாற்றை அறிகின்றனர். இடம் பெயர்ந்துவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள். ஒவ்வொருவரும் ஒரு மணி எடுத்தால், மேட்டுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சும்.

வண்டியைத் திருப்பினோம். எடுத்த இடத்தை அவன் சரியாக நினைவில் வைத்திருந்தான். அங்கேயே குனிந்து வைத்தான்.

முன் சென்றோரின் சுவடுகளைப் பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று நமக்கு ஏவப்பட்டுள்ளது. பார்க்கத்தான் ஏவப்பட்டோம், எடுத்துச் செல்ல அன்று. மலைக்கோட்டைக்கு மதில் காவல். பாசிமேட்டுக்கோ, வந்து போவோரின் இறையச்சமே காவல். அந்தக் காவலில் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் நிலைநிறுத்துவானாக, ஆமீன்.