வெள்ளவாய்க்காலும் எம் வீட்டுக் குழாயும்

மாரி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தவரின் உள்ளமும் குளிரும். எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே எமக்கு ஆண்டு முழுவதற்குமான முதல். நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் அந்நீரைத் தன் வெடிப்புகளிலே ஏந்தி வைக்கின்றது. உவர்நீரின்மேல் மிதக்கும் அந்த நன்னீரையே நாம் கிணற்றிலிருந்து அள்ளிப் பருகுகின்றோம். இருபது ஆண்டுகளாக இதனைப் புவியியற் பாடமாகக் கற்பித்து வந்த நாம், அதே பாடத்தைப் பழைய மாணவர் ஒருவரிடம் திரும்பக் கேட்க நேர்ந்தது.

எமது ஒழுங்கையின் ஓரமாகச் செல்லும் வெள்ளவாய்க்கால், இரண்டு வீதிகளைக் கடந்து ஒரு குளத்திலே சேர்கின்றது. சென்ற ஐப்பசியில் முதற் பெருமழை பெய்தபோது அவ்வாய்க்காலில் வெண்ணுரை பொங்கி வழிந்தது. எண்ணெய்ப் படலமும் நாற்றமும் உடன் வந்தன. அயல்வீட்டு ஆச்சி படலையடியில் நின்று, “தம்பி, மழைத் தண்ணியிலை உந்த நுரை எங்கையிருந்து வருது? குளத்துத் தண்ணிதானே ஊறி எங்கட கிணத்துக்கும் வாறது?” என்று கேட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் அக்கிணற்று நீரையே குடிக்கின்றார்கள்.

எமக்கு அறச்சீற்றம் மூண்டது. அன்றிரவே மாநகரசபைக்கு ஒரு முறைப்பாடு எழுதினோம். வாகனம் திருத்துவோரையும் உணவுச்சாலை நடத்துவோரையும் கண்டித்து, சட்டம் உறங்குகின்றதோ என வினாவி, அழகிய தமிழில் இரண்டு பக்கங்கள் வரைந்தோம். எழுதியதை இல்லாளுக்கு வாசித்துக் காட்டியபோது எம்மை நாமே மெச்சிக்கொண்டோம் என்பதையும் மறைத்தல் தகாது.

ஒரு வாரத்தின் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். எம்மிடம் படித்தவர். வாய்க்காலின் மூடுகற்களைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர் எமது மதிலடியில் நின்றுவிட்டார்.

“சேர், குறை நினைக்காதேயுங்கோ. இந்தக் குழாய் உங்கட வீட்டிலையிருந்துதான் வருது.”

எமக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் குசினியைப் பெருப்பித்தபோது, பாத்திரம் கழுவும் நீரையும் சலவை நீரையும் எங்கே விடுவது என மேசன் கேட்டார். “எல்லாரும் கானுக்குத்தான் விடுறவை” என்றும் அவரே சொன்னார். நாமும் தலையசைத்தோம். கோடையிலே அந்நீர் வாய்க்காலுக்குள்ளேயே தேங்கிக் காய்ந்து படிந்துவிடும். முதல் மழை அவ்வளவையும் ஒருங்கே வாரிக்கொண்டு குளத்துக்கு ஓடும். நகரங்களில் முதல் மழையின் வெள்ளமே பெரும்பாலும் மிகுந்த அழுக்கைச் சுமப்பது என நாமே கற்பித்திருக்கின்றோம். எமது முறைப்பாட்டின் முதற் குற்றவாளி நாமே ஆயினோம்.

பரிசோதகர் திண்ணையில் அமர்ந்து விதிகளை விளக்கினார். நகரைத் துப்புரவாக வைத்திருத்தற்கு உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச்சட்டம் சபைகளுக்கு வழங்குகின்றது. அனுமதிப்பத்திரமின்றிக் கழிவுகளைச் சுற்றாடலில் விடுவதை, 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தடுக்கின்றன. வாய்க்காலிலே நீரைத் தேங்கவிட்டு நுளம்பு பெருக்குவோர்க்கு 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் உண்டு. “சட்டம் உறங்கேல்லை, சேர். ஒவ்வொரு மதிலுக்குப் பின்னாலையும் ஆள் நிக்க ஏலாது” என்றார். தேநீர் அருந்திய பின், இரண்டு வாரத்தவணை குறித்த அறிவித்தலையும் எம் கையில் தந்தே சென்றார். ஆசிரியர் என்று விட்டுவிடாத அந்நேர்மை எமக்குப் பெருமையையே தந்தது.

மறுநாள் குழாயை அடைத்தோம். கொழுப்புப் படிவதற்குச் சிறு தொட்டி ஒன்றைக் கட்டி, தெளிந்த நீரைக் கிணற்றிலிருந்து தள்ளி வளவின் கோடியிலுள்ள வாழைப் பாத்திக்கு விட்டோம். மண்ணும் வேரும் அழுக்கிற் பெரும்பங்கைத் தடுத்துக்கொள்ளும். வாய்க்காலுக்கோ அவ்வாற்றல் இல்லை. எம் பாட்டிமார் குளித்த நீரை வாழைக்கும் கமுகுக்கும் பாய்ச்சியது இந்த முறைமையன்றோ? அவர்களுக்கு அதனை எந்தச் சபையும் அறிவித்தல் தந்து கற்பிக்கவில்லை.

மழைநீருக்கென வெட்டிய வாய்க்காலில் மழைநீர் மட்டுமே ஓடவேண்டும் என்பதே அவ்விதிகளின் சாரம். கழிவெண்ணெயைக் கலனில் சேர்த்து ஒப்படைப்பதும், கட்டட மணலை வாய்க்கால் ஓரத்தில் குவியாதிருப்பதும், குப்பையை அதனுள் தள்ளாதிருப்பதும் அதனுள் அடங்கும். மழையில்லாத நாளிற் கைக்கொள்ளாத விதி மழைநாளிற் பயன் தராது.

எமது முறைப்பாட்டை நாம் மீளப் பெறவில்லை; ஒழுங்கையில் இன்னும் மூன்று குழாய்கள் இருந்தன. ஆனால் அவ்வீடுகளுக்கு முதலில் நாமே சென்றோம். எம் வீட்டுக் கதையைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினோம். இரண்டு வீட்டார் உடனே இசைந்தனர்; மூன்றாமவர் தைக்கு மறுமொழி சொல்வதாகக் கூறினார். ஆச்சியிடமும் உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, “சரி தம்பி, வாழை குலை போட்டால் எனக்கும் ஒரு சீப்புத் தா” என்றார்.