3.541 வோல்ட்!

ஏதர் ஸ்கூட்டர் எங்க ஓசூர்ல தயாராகுது. ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில. 'எலெக்ட்ரிக் வண்டின்னாலே எங்க மாவட்டம்தான்'னு கெத்தா கிளம்பி, ஓசூர் பக்கம் ஒரு சின்ன பேட்டரி யூனிட்ல இன்டர்ன்ஷிப் சேர்ந்தேன். ரோபோ பக்கத்துல நிக்க வைப்பாங்கன்னு பார்த்தா, கையில மீட்டரைக் கொடுத்து 400 லித்தியம் அயன் செல் முன்னாடி உட்கார வெச்சுட்டாங்க. எல்லாம் 18650 ரகம். அதாவது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம்.

"புது செல்லை எதுக்குண்ணா டெஸ்ட் பண்ணணும்?"

"ஒரே கிளாஸ்ல படிச்சா எல்லாரும் ஒரே மார்க்கா தம்பி?" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

விஷயம் இதுதான். செல்களைத் தொடரா கோத்தா எல்லாத்துலயும் ஒரே கரன்ட்தான் ஓடும். அதுல ஒரு சோப்ளாங்கி சீக்கிரம் காலியாச்சுன்னா, மத்ததுல சார்ஜ் மிச்சம் இருந்தாலும் பி.எம்.எஸ். மொத்த பேக்கையும் கட் பண்ணிடும். அதனால கெப்பாசிட்டி, உள் மின்தடை ரெண்டும் ஒத்துப்போற செல்களாப் பார்த்துதான் ஜோடி சேர்ப்பாங்க. (பொண்ணு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டாங்க!) இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் மில்லி ஓம் கணக்குல இருக்கும். மீட்டர் ஒயரோட தடை அதுல கலந்துடக் கூடாதுன்னு கரன்ட்டுக்கு ரெண்டு, வோல்டேஜுக்கு ரெண்டுன்னு நாலு முனை வெச்சு அளக்கணும்.

கடைசி டெஸ்ட்தான் செம போர். வோல்டேஜைக் குறிச்சுட்டு, செல்லை 14 நாள் சும்மா விட்டு, மறுபடி அளக்கணும். முதல்ல எல்லாம் 3.582 பக்கம் இருந்துச்சு. பதினஞ்சாவது நாள் நூறு செல் அளந்தேன். எல்லாம் 3.580. மிச்சத்துக்கு? காலேஜ் லேப்ல பண்றதைத்தான் பண்ணேன். அடிச்சு விட்டேன்.

அண்ணன் ஷீட்டைப் பார்த்தார். எதுவும் பேசாம ட்ரேயிலிருந்து நாலஞ்சு செல்லை எடுத்து அளந்தார். ஒண்ணு மட்டும் 3.541.

"உள்ளுக்குள்ள எங்கயோ கசியுது. சின்ன ஷார்ட்டா இருக்கலாம். இதை யார் வீட்டுல சார்ஜ் போடுவாங்க, சொல்லு?"

2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிஞ்சு, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனது ஞாபகம் வந்தது. அதுக்குக் காரணம் இப்படி ஒரு செல்தானான்னு எனக்குத் தெரியாது. ஆனா, எனக்குக் கை நடுங்குச்சு.

அன்னிக்கு ஏழு மணி பஸ்ஸை விட்டுட்டேன். 400 செல்லையும் முதல்லேருந்து அளந்தேன். இன்னும் ரெண்டு சிக்குச்சு.