குழிந்த வயிறு

ஜப்பானிய அனிமே நாயகர்களின் பெருந்தீனி இன்று உலகறிந்தது. அகிரா தோரியாமா 1984இல் படைத்த 'டிராகன் பால்' கோக்கு, எய்ச்சிரோ ஓடா 1997இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' லூஃபி, இருவர் முன்னும் காலித் தட்டுகள் கோபுரமாய் உயர்கின்றன. தமிழுக்கு இது புதிதன்று. மீனாட்சி திருமணத்தில் எஞ்சிய சோற்றையெல்லாம் உண்டு, தாகத்திற்கு வைகையைப் பருகிய குண்டோதரனைத் திருவிளையாடற் புராணம் காட்டுகிறது. 'மாயா பஜார்' (1957) படத்தில் கல்யாண விருந்தை விழுங்கிய எஸ். வி. ரங்காராவின் கடோத்கசனை மறந்தவர் யார்?

இவ்வயிறுகள் இறுதியில் நிறைந்துவிடும் என்ற நம்பிக்கையால்தான் நாம் சிரிக்கிறோம். காரைக்காலில் வாழும் எங்களுக்கோ வேறொரு வயிறும் நினைவில் எழும். பசித்து வந்த அடியாருக்குக் கணவன் அனுப்பிய மாங்கனியை இட்டவர் புனிதவதி. பின்னர் அவர் வேண்டிப் பெற்றது பேயுரு. திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவர் பாடிய பேயின் வயிறு குழிந்தது. பிறர் பசியை ஆற்றியவர் பசியின் வடிவையே ஏற்றார்!

'ஒன் பீஸ்' கதையிலும் இவ்வுணர்வுக்கு நெருங்கிய ஒருவன் உண்டு. கப்பல் சமையற்காரன் சஞ்ஜி, சிறுவயதில் ஆளற்ற பாறையில் பட்டினி கிடந்தவன். உடனிருந்த ஸெஃப் உணவு முழுவதையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தார். ஆதலால் பசித்து வந்தவன் பகைவனேயானாலும் சஞ்ஜி உணவிடுவான். லூஃபியின் தட்டுகளுக்குப் பின்னே அந்தப் பட்டினி நிற்கிறது.

ஆனிப் பௌர்ணமியையொட்டிய மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் உலா வருகையில், எங்கள் ஊர் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கிறார்கள். இரந்து வருபவர் இறைவன், இடுபவர் எளியவர். அதன் பொருளை மாணவர்க்கு உணர்த்த, உரையாசிரியர்களோடு சஞ்ஜியையும் நாங்கள் துணைக்கு அழைக்கிறோம்.