எனக்கு வெறும் தண்ணி போதும் மச்சி!

சாத்தான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ரெண்டு கொம்பு, சிவப்புக் கண்ணு, பின்னாடி ஒரு வால்? அப்படி வந்தா யாருங்க ஏமாறப் போறாங்க! காலேஜ் வயசில் சோதனை அந்த கெட்டப்பில் வர்றதே இல்லை. தோள்மேல கை போட்டுக்கிட்டு, 'மச்சி, இதெல்லாம் ஒரு மேட்டரா? எல்லாரும் பண்றதுதானே!'ன்னு சிரிச்சுக்கிட்டே வரும்.

செய்யாத ப்ராஜெக்டை ரெஸ்யூமேல சேர்க்கிறது, பர்த்டே பார்ட்டியில் முதல் பீர், ராத்திரி 2 மணிக்குத் தனியா இருக்கும்போது கையில் இருக்கிற செல்போன்... லிஸ்ட் உங்களுக்கே தெரியும். கிறிஸ்தவனா வளர்ந்த எனக்கும் அதே லிஸ்ட்தான். கழுத்தில் சிலுவை தொங்குதுன்னு எதுவும் பயந்து ஓடிடறது இல்லை. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய 2025-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டுச்சு. ஆனா, ஆடணும்கிற ஆசைக்கு எந்த நாடாளுமன்றம் தடை போட முடியும்?

அப்போ உலகத்தை விட்டே ஓடிடணுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் போய் நிக்கிறது தானியேல்கிட்டதான். மே மாச லீவில் வி.பி.எஸ். போனவங்களுக்கு தானியேல்னா சிங்கக் கெபிதான் ஞாபகம் வரும். ஆனா, காலேஜ் பசங்களுக்கான கதை அந்தப் புத்தகத்தோட முதல் அதிகாரத்திலேயே இருக்கு.

எருசலேமிலிருந்து கெட்டிக்கார இளைஞர்களா பார்த்துத் தன் அரண்மனைக்குக் கொண்டு வர வைக்கிறார் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார். 3 வருஷப் படிப்பு. ஃபுல் ஸ்காலர்ஷிப்! ராஜா சாப்பிடுற அதே சாப்பாடு, ராஜா குடிக்கிற அதே திராட்சரசம். தானியேல் அந்த ஊர் மொழியைப் படிக்கிறார். பேரையே பெல்தெஷாத்சார்னு மாத்துறாங்க, அதுக்கும் அவர் சண்டை போட்டதா கதையில் இல்லை. ஆனா, சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஒரு கோடு போடுறார்... 'இது எனக்கு வேண்டாம்!'

அவர் அதைச் சொன்ன விதத்தைக் கவனிங்க. அதிகாரி பயப்படுறார். நீங்க இளைச்சுப் போனா என் தலை போயிடும்னு புலம்புறார். தானியேல் கத்தலை. 'பத்து நாள் பருப்பு, மரக்கறி, தண்ணி மட்டும் கொடுத்துப் பாருங்க. அப்புறம் எங்க முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க'ன்னு பொறுமையா ஒரு டீல் பேசுறார். பக்கத்தில் பிளேட்டைக் காலி பண்ணிட்டிருந்தவங்களுக்கு அவர் பிரசங்கம் பண்ணினதாவும் இல்லை. முக்கியமான விஷயம், அவர் தன் மனசில் முதல்லயே முடிவெடுத்துட்டார். ராத்திரி 2 மணிக்கு நல்ல முடிவு எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். செல்போனை அடுத்த ரூம்ல சார்ஜ் போடணும்கிற முடிவை ராத்திரி 9 மணிக்கே எடுத்துடலாம்!

பத்து நாள் கழிச்சுப் பார்த்தா, தானியேலும் அவர் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும்தான் மத்தவங்களைவிடத் தெம்பா இருந்தாங்க. சூப்பர்ல? ஆனா அதே பைபிளில் யோசேப்பும் இருக்கார். முதலாளியோட மனைவி இழுத்தப்போ மேலாடையை விட்டுட்டு ஓடினவர். அவருக்குக் கிடைச்சது? ஜெயில்!

அதனால, 'வேண்டாம்'னு சொன்னா உடனே பரிசு வரும்னு நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். மார்க் குறையலாம். வேலை லேட்டாகலாம். கேங்க்ல உங்களைக் கழட்டி விடலாம். அன்னிக்கு தோத்துட்ட மாதிரிதான் இருக்கும். ஆனா, பரிசு கிடைக்கும்னு மட்டும் நல்லவனா இருந்தா அது விசுவாசம் இல்லைங்க, வியாபாரம்!

இன்னொண்ணு, இதைத் தனியா செய்யணும்னு அவசியம் இல்லை. தானியேல்கூட மூணு பேர் இருந்தாங்க. இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்திலும் சோதனையிலிருந்து காப்பாத்தச் சொல்லிக் கேட்கிறது 'என்னை' இல்லை, 'எங்களை'. நம்ம பலவீனம் தெரிஞ்ச ஒரே ஒரு ஃப்ரெண்ட் போதும். பார்ட்டிக்கும் போகலாம், கேக்கும் சாப்பிடலாம், 'எனக்கு வெறும் தண்ணி போதும் மச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லலாம்.

நீங்க எப்போ முடிவு பண்ணப் போறீங்க... தட்டு முன்னாடி வர்றதுக்கு முன்னயா, வந்த அப்புறமா?