விடுபட்ட வரி

சென்ற கோடை விடுமுறையில் யான் வீடு சேர்ந்த அன்றே என் பெரியப்பா ஒரு பழுப்பு நிற உறையைத் தந்து, “தம்பி, தமிழ் ஆனர்ஸ் படிக்கிறாயே, இதை எனக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடு” என்றார். அவர் நெடுங்காலம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தும், பின்னர்ப் பிழை திருத்தியும் வாழ்ந்தவர். உறையினுள் இருந்தது, இரண்டு மாதங்களுக்கு முன் அறுவையால் நீக்கப்பெற்ற அவருடைய வலச் சிறுநீரகத்தைப் பற்றிய ஆய்வறிக்கை. முழுவதும் ஆங்கிலம். “கட்டியை எடுத்தாயிற்று, மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக் கொள்ளுங்கள்” என்பதற்கு மேல் மருத்துவர் ஒன்றும் விரித்துரைத்தாரில்லை. பெரியப்பாவோ, ஆவணியில் மகளின் திருமணம் முடிந்த பின்னர் அதனைப் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தார்.

அறிக்கையிற் பெரும்பகுதி அகராதியின் துணையால் எளிதாயிற்று. கடைசி வரி மட்டும் பிடிபடவில்லை. பி.ஏ.பி.1 என்னும் புரதம் கட்டியில் இல்லை என்றும், பி.பி.ஆர்.எம்.1 உள்ளது என்றும் அது கூறிற்று. இவை எவ்வகராதியிலும் இல. ஆதலின், விலங்கியல் பயிலும் என் விடுதித் தோழரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்றிரவு அவர் கூறியதும், பின்னர் யானே தேடிப் படித்ததும் இவை:

நம் உயிரணு ஒவ்வொன்றின் கருவிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை அடங்கியிருக்கின்றது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் கூடிய உருண்டையொன்றைச் சுற்றி 147 எழுத்திணைகள், அடுத்து ஓர் உருண்டை, அதனைச் சுற்றி மீண்டும் 147 என இவ்வாறே அது சுருட்டப்பட்டுள்ளது. இச்சுருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். சாயத்தை எளிதில் ஏற்றமையால், ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயரை ஆக்கினார்.

ஏட்டுச் சுவடியைக் கையாண்டவர்க்கு இதன் நுட்பம் எளிதிற் புலனாகும். எழுத்துச் சிறிதும் சிதையாதிருப்பினும், ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறும் இறுகிவிட்டால் படிப்பவன் என் செய்வான்? வேண்டிய இடத்தில் அவிழ்த்தும், வேண்டாத இடத்தில் கட்டியும் வைக்கும் புரதக் கூட்டங்கள் உயிரணுவில் உள. அவற்றுள் ஒன்றன் மரபணுக்கள் முதலில் ஈஸ்டில் கண்டறியப்பட்டன. சர்க்கரையைப் புளிக்கச் செய்ய மாட்டாத ஈஸ்டினை ஆராய்ந்தபோது அகப்பட்டவை அவற்றுட் சில. கள்ளையும் ரொட்டியையும் புளிக்க வைக்கும் இச்சிற்றுயிர், மனிதரின் புற்றுநோய்க்கும் விளக்கம் தந்தது எனக்குப் பெருவியப்பாயிற்று! அவ்வினத்து மரபணு ஒன்று, குழந்தைகளைத் தாக்கும் ராப்டாய்டு என்னும் கொடிய கட்டியில் அழிந்திருப்பதை 1998இல் கண்டனர். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இக்கூட்டத்தின் ஏதோவோர் உறுப்புப் பழுதுற்றிருத்தல் பின்னர்த் தெரியவந்தது.

நிற்க. பெரியப்பாவின் நோய்க்கு வருவோம். சிறுநீரகப் புற்றுநோயின் இவ்வகையில், 3ஆம் குரோமோசோமின் குறுங்கை ஒன்று பெரும்பாலும் அற்றுப் போகின்றது. வி.எச்.எல்., பி.பி.ஆர்.எம்.1, பி.ஏ.பி.1 ஆகிய மூன்றும் அக்கையிலேயே உள்ளவை. குரோமோசோம் இரட்டையாதலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எஞ்சும். எஞ்சியதில் எது கெடுகின்றது என்பதைப் பொறுத்து நோயின் போக்கு வேறுபடும். பி.பி.ஆர்.எம்.1 மேற்கூறிய அவிழ்க்கும் கூட்டத்தின் உறுப்பு, பி.ஏ.பி.1, ஹிஸ்டோனில் ஒட்டிய சிறு குறியொன்றை நீக்குவது. இரண்டும் ஒரே கட்டியிற் கெடுதல் அரிது. அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, முன்னது கெட்டவர்களின் இடைநிலை ஆயுள் அறுவைக்குப் பின் 10.6 ஆண்டு, பின்னது கெட்டவர்களுக்கு 4.6 ஆண்டு.

நான்கு புள்ளி ஆறு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் அழகிய எழுத்தில் மொழிபெயர்ப்பை எழுதி, அக்கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்தேன்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத் தாளை இடப்புறமும் என் தாளை வலப்புறமும் வைத்தார். அவருக்கு ஆங்கிலம் பொருள் விளங்காது; ஆனால் மூலத்தோடு படியை ஒத்துப் பார்த்த கை அது. விரலை வரி வரியாக நகர்த்திக் கொண்டே வந்து, “இங்கே பதினொன்று, உன்னிடம் பத்து. ஒன்று விழுந்து போயிற்று” என்றார்.

“அது முக்கியமில்லை, பெரியப்பா.”

“முக்கியமில்லாததை ஏன் அச்சடித்தான்?”

யான் சொல்லலானேன். முதலில் நா எழவில்லை. சுவடிக்கு வந்ததும் சொல் தடையின்றி வந்தது. எண்ணையும் மறைக்கவில்லை. இடைநிலை என்பது அவர்களுட் பாதிப்பேர் அதனைக் கடந்து வாழ்ந்தனர் என்று பொருள்படும் என்பதையும், கட்டியின் அளவும் அது பரவியதா என்பதும் ஒருவர்க்கொருவர் வேறுபடும் என்பதையும், நோயெதிர்ப்பைத் தூண்டும் புது மருந்துகள் இந்நோய்க்கு 2015 முதல் வந்துள்ளன என்பதையும் கூறினேன். அவர் இடைமறிக்காது கேட்டார். பெரியம்மா அடுக்களையில் தேங்காய் துருவும் ஓசை மட்டும் கேட்டுக் கொண்டிருந்தது.

“அப்படியானால் அந்த மூன்று மாதப் படத்தை ஆவணிக்குத் தள்ளக்கூடாது, இல்லையா?”

“கூடாது, பெரியப்பா.”

“அந்த வரியையும் எழுது” என்று தாளை என்பக்கம் நகர்த்தினார். எழுதினேன்: கட்டியில் இப்புரதம் இல்லாமையின் நோய் மீளும் அச்சம் மிகுதி, தவறாது படம் எடுத்து பார்த்தல் வேண்டும்.

அவர் அதனை இருமுறை படித்தார். பின்பு சட்டைப்பையினின்று சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘எடுத்து’ என்பதன் பின் ஒரு ‘ப்’ செருகி, “ஆனர்ஸ் படிக்கிறாய்” என்று சொல்லி, நாட்காட்டியில் அடுத்த திங்கட்கிழமையைச் சுற்றி வட்டமிட்டார்.