எங்கயிருந்து வாறியள்?

கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸைப் புத்தளத்தில் நடுச்சாமத்தில் மறித்து ஏறினோம், நானும் பதினைந்து வயது மகனும். வவுனியாவில் பஸ் நின்ற இடத்தில் பாணும் வாழைப்பழமுமாக ஸஹரை முடித்துக்கொண்டோம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பையைத் தோளில் மாட்டுமுன் ஆட்டோக்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"எங்கயிருந்து வாறியள் அண்ணை?"

"புத்தளம்."

"எங்க போகோணும்?"

"நல்லூரடிக்கு."

"எண்ணூறு தாங்கோ."

இது 2025 மார்ச் மாதம். நோன்புக்காக முஸ்லிம் பாடசாலைகள் மூடியிருந்த நாட்கள். மற்றப் பாடசாலைகள் நடந்துகொண்டிருந்தன. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதில் ஓர் இலாபம் உண்டு. ஊரெல்லாம் வேலைக்குப் போகும் காலத்தில் நாங்கள் பயணம் போகலாம். பஸ்ஸில் ஆசனம் கிடைக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு வெளியாட்கள் குவிவது நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் டிசம்பர் விடுமுறையிலும்தான். பங்குனி வெயிலுக்கு யார் வருவார்? ஆனால் இந்த இலாபத்துக்குள்ளேயே நட்டமும் இருக்கிறது. கூட்டமில்லாத நாளில், பத்துப் பேரிடம் உழைக்க வேண்டியதை அகப்பட்ட ஒருவரிடமே உழைத்துவிடப் பார்ப்பார்கள். அந்த ஆட்டோக்காரரைக் குறை சொல்லி என்ன? விடிய நான்கு மணியிலிருந்து நிற்பதாகவும் நாங்கள்தான் முதல் ஓட்டம் என்றும் சொன்னார். பொய்யாக இருக்காது.

தங்குமிடத்துக்காரரிடம் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தேன். முந்நூறுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றிருந்தார். கூலி எவ்வளவு என்று ஓட்டுகிறவரிடம் கேட்கக் கூடாது, போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறவரிடம் கேட்க வேண்டும். பத்து வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போய்ப் பட்டுத் தெளிந்த பாடம் இது. ஏறுமுன் பேசி முடிக்க வேண்டும், சில்லறையாகக் கையில் வைத்திருக்க வேண்டும். "நல்ல லொட்ஜ் ஒண்டு தெரியும்" என்று ஓட்டுகிறவர் சொல்லும் லொட்ஜுக்கு மட்டும் போகவே கூடாது. அவருடைய பங்கு நமது வாடகையில் ஏறிவிடும். நானூறுக்குச் சம்மதித்து ஏறினோம். நூறு ரூபாய் முதல் ஓட்டத்துக்கு.

பயணிகளை ஏமாற்றும் தந்திரங்கள் ஊருக்கு ஊர் வேறு. கொழும்பு காலிமுகத்திடலில் வெள்ளைக்காரரைக் கண்டால் "இன்றைக்கு மட்டும் பெரஹெர, யானை வருகிறது" என்று ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். இஸ்தான்புல்லில் சப்பாத்துத் துடைப்பவர் நமக்கு முன்னால் பிரஷைத் தவறவிட்டுப் போவாராம். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனென்று சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்பாராம். ஹரத்துக்கு வெளியிலும்கூட, காசுப் பையைத் தொலைத்துவிட்டேன் என்று உம்ராவுக்கு வந்தவர்களிடம் கையேந்துவோர் உண்டு. ஆனால் அநேகமாக எல்லா இடத்திலும் தொடக்கம் ஒன்றுதான். நீ எங்கிருந்து வருகிறாய்? விலை அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது.

ஆட்டோவில் போகும்போது எனக்கு நூறு ரூபாய் உறுத்தவில்லை, என் பதில்தான் உறுத்தியது. நான் பிறந்தது சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்குப் பத்து வயது. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு எல்லோரையும் வரச்செய்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வழியில் சோதித்தபோது உம்மாவின் காதில் கிடந்ததும் போயிற்று. தலைக்கு நூற்றைம்பது ரூபாயும் மாற்றுடுப்பும்தான் எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியது. அப்படிப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பேச்சும் மாறிப்போனது. இப்போது என் வாயிலிருந்து வரும் தமிழைக் கேட்டு இந்த ஊர்க்காரன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். புத்தளத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தும், கோபம் வந்தால் "அகதி" என்ற சொல் இன்றும் காதில் விழும். ஆனால் வந்திறங்கிய அன்று பள்ளிவாசலில் சட்டி சட்டியாகச் சமைத்துக் கொண்டுவந்து போட்டவர்களும் அவர்கள்தான். அதையும் சொல்ல வேண்டும்.

வாப்பா பெரியகடையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பங்காளியாக இருந்தார். தீவுப்பகுதி ஆட்கள் ஆணி, கம்பி, பிணைச்சல் வாங்க வருவார்கள். அவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும், பஸ்ஸைப் பிடித்தால்தான் படகு. நாலு கடை ஏறி விலை கேட்க நேரமிருக்காது. அந்த அவசரத்தை வைத்து இரண்டு ரூபாய் கூட்டிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை கடைப் பொடியன் அப்படிச் சொல்லிவிட, நெடுந்தீவுக்காரரைத் தேடிப் பஸ் நிலையத்துக்கு என்னையே ஓடவிட்டார் வாப்பா, மிச்சத்தைக் கொடுத்துவர. பஸ் போய்விட்டிருந்தது. காசைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அதை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தார். அந்த மனிதர் திரும்பி வருமுன் நாங்கள் போய்விட்டோம்.

சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே போய் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால் பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. தடை புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி, முறிக்கும் உரிமை முஸ்லிமில் வருவது. ஓதும் காலத்தில் இதை நான் ஒட்டகக் காலத்துச் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். வெளியூரான் விலை அறியாதவன், அந்த அறியாமையை விற்று உண்ணாதே என்பதல்லவா அதன் உட்கிடை! யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கும் அது பொருந்தும். எங்கள் கற்பிட்டிக் கடற்கரைக்கும் பொருந்தும். டொல்பின் பார்க்க வருகிறவனிடம் நம்மவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பகலில் கோட்டைக்குப் போனோம். வாசலடியில் ஓர் இளைஞன் ஒட்டிக்கொண்டான். உத்தியோகபூர்வ வழிகாட்டி அல்ல, கழுத்தில் அட்டையும் இல்லை. ஆயிரத்தைந்நூறு கேட்டு ஆயிரத்துக்கு இறங்கினான். மகனுக்கு யாராவது சொல்லட்டுமே என்று விட்டேன். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, ஐந்து மூலை என்று சரியாகத்தான் சொன்னான். 1990 செப்டெம்பரில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனதையும் சொன்னான். மதிலில் நின்று ஊரைக் காட்டும்போது மகன் கேட்டான், "சோனகத் தெரு எந்தப் பக்கம்?"

"அந்தா அங்கால. முந்தி முஸ்லிம் ஆக்கள் கன பேர் இருந்தவை. தொண்ணூறில சண்டைக்குப் பயந்து வீடுவாசலை வித்துப்போட்டுப் புத்தளம் போட்டினம்."

மகன் என்னைப் பார்த்தான். கூலியைக் கூட்டிக் கேட்பது ஒரு வகை. காசு கொடுத்து நமது கதையையே பிழையாக வாங்குவது இன்னொரு வகை. இதற்கு எந்தப் பேரமும் நான் பழகி வைத்திருக்கவில்லை.

"விக்கவில்லை தம்பி" என்றேன். இரண்டு மணித்தியாலக் கணக்கையும் நூற்றைம்பது ரூபாயையும் சொன்னேன். உம்மாவின் தோட்டையும் சொன்னேன். வகுப்பில் பேசும் குரல் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தும் கொஞ்சம் வந்துவிட்டது. அவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. அவன் பிறந்தபோது அந்தத் தெரு வெறுமையாகவே கிடந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கு வீட்டில அப்பிடித்தான் சேர் சொன்னவை" என்றான். கள்ளம் இல்லாத முகம். பேசியபடி ஆயிரத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். நாங்கள் திரும்பும்போது வேறொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மதிலில் ஏறிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அந்தத் திசையைக் காட்டி என்ன சொன்னானோ, எங்கள் காதில் விழவில்லை.

சந்தையில் பனங்கட்டி வாங்கினோம். ஓலைக் குட்டான் அழகாக இருந்தால் மயங்கிவிடக் கூடாது. சீனிப்பாகு கலந்ததும் அதே குட்டானில்தான் வருகிறது. வாயில் போட்டதும் சீனியாக இனித்து அத்தோடு முடிந்துவிடுவது கலப்படம், நல்ல பனங்கட்டிக்கு அடியில் ஓர் உவர்ப்பு நிற்கும் என்பாள் உம்மும்மா. நோன்போடு எப்படி வாயில் போட்டுப் பார்ப்பது? கடைக்கார அம்மாவின் சொல்லை நம்பி வாங்கினேன். அம்மா ஏமாற்றவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

அஸருக்குப் பிறகு சோனகத் தெருவுக்குப் போக வெளிக்கிட்டோம், நோன்பு திறக்கப் பள்ளிக்கு. வேறோர் ஆட்டோ. இந்த முறை நான் வாயைத் திறக்குமுன் மகன் முந்திக்கொண்டான்.

"எங்கயிருந்து வாறியள் தம்பி?"

"நாங்க சோனகத் தெரு ஆக்கள்தான். வீட்டுக்குப் போறம்."

யாழ்ப்பாணப் பேச்சைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பிடித்து வைத்திருக்கிறான், கள்ளன். ஓட்டுநர் அவனை ஒருமுறை பார்த்தார். "எவடம்?" என்றார். மகன் விழித்தான். "ஐந்துசந்திக்குக் கிட்ட" என்றேன் நான்.

"இருநூற்றைம்பது தாங்கோ, காணும்."

ஓட்டமும் கிட்டத்தட்டக் காலை ஓட்டத்தின் தூரம்தான். மகனுக்கு வெற்றிச் சிரிப்பு. பள்ளி வாசலில் இறங்கியதும் சிரிப்புப் போய்விட்டது. "வாப்பா, நான் சொன்னது பொய்யா? நோன்போட சொல்லிப்போட்டன்."

காணி உறுதியில் அவன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை, வாப்பாவின் பெயர்தான். வாப்பா புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார். இவற்றில் எதை அவனுக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வுழூச் செய்தேன். பாங்கு சொல்லிவிட்டது.

திரும்பி வந்து குடியிருக்கும் கொஞ்சப் பேரோடு வரிசையில் அமர்ந்தோம். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. வாளியோடு வந்த வயதானவர் மகனின் கோப்பையில் ஊற்றியபடி கேட்டார், "எங்கயிருந்து வாறீங்க மகன்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "புத்தளம்" என்றான். ஒரு மிடறு குடித்துவிட்டு, "வாப்பா இந்த ஊர்" என்றான்.

பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எந்த ஒழுங்கை, யாருடைய மகன் என்று கேட்டார். சொன்னேன். வாப்பாவைத் தெரியவில்லை, கடையைத் தெரிந்திருந்தது. "அந்த வளவில இப்ப கிணறு மட்டும்தான் கிடக்குது. தொழுதிட்டு வாங்க, டோர்ச் கொண்டுவாறன்" என்றார்.